சீம்பால் போகாத வீடு

கூடாரத்துக்குள் குளியல் தொட்டி இருக்கிறது என்று மகள் போனில் படம் அனுப்பியபோதே, அந்த இரண்டு நாளும் மாட்டை யார் பார்ப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "பொங்கலுக்குத்தான் செவலை கன்னு போடும் சாமி. அதுக்கு முன்னால எப்ப வேணாலும் போலாம்" என்று பெரிய கணக்குக்காரி மாதிரி சொல்லிவிட்டேன். அன்றைக்கே அவள் பதிவு செய்துவிட்டாள். கிறிஸ்துமஸ் லீவில், மூணாறையும் தாண்டிப் பள்ளிவாசல் பக்கம், தேயிலைக்கு நடுவே இரண்டு கூடாரம். ஒன்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும், ஒன்று எங்கள் இருவருக்கும். இதற்குப் பெயர் கிளாம்பிங்காம். "கூடாரத்துல தங்கறதுக்கு நம்ம தோட்டத்துச் சாளை போதாதா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டாரே ஒழிய, குல்லாயும் ஸ்வெட்டரும் முதலில் வாங்கியது அவர்தான்.

மகளும் மாப்பிள்ளையும் கொச்சியில் வேலை பார்க்கிறார்கள். கல்யாணம் ஆன இரண்டு வருஷத்தில் நாங்கள் நால்வரும் ஒரே இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. அவர்கள் பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான வடகரப்பதிக்கு வந்தால் நான் பாதி நேரம் மாட்டுக் கட்டுத்தரையில் நிற்பேன். நாங்கள் கொச்சிக்குப் போனால் மறுநாள் காலைக் கறவைக்குள் திரும்பிவிடுவேன். இப்போது செவலைக்குப் பால் வற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. "இந்த ஒரு தடவையாவது மாடு இல்லாத அம்மா வேணும்" என்றாள் மகள். அந்த வார்த்தை குத்தியது. அதனால்தான் சட்டென்று தலையை ஆட்டினேன்.

நான் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒன்று இரண்டு எண்ணச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். அப்படிப்பட்ட நான்தான் கணக்கில் கோட்டை விட்டேன். பசு சினை பிடித்து ஒன்பது மாதம் பத்து நாளில் கன்று போடும். இது எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. சினை ஊசி போட்ட தேதியைக் கட்டுத்தரைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பது என் வழக்கம். செவலைக்கு முதல் ஊசி போட்டது சிவராத்திரி முடிந்து நாலைந்து நாள் கழித்து. மூன்று வாரம் கழித்து அது மறுபடி பருவத்துக்கு வந்தது போல் அரை நாள் கத்தியது. சரி, முதல் ஊசி நிற்கவில்லை என்று ஊசிக்காரரைத் திரும்ப வரவழைத்து இன்னொன்று போட்டேன். அது விஷுவுக்குப் பத்து நாள் முன்னால். போட்டதும் என்ன செய்தேன்? பழைய தேதியை முந்தானையால் துடைத்து அழித்துவிட்டுப் புதிய தேதியை எழுதினேன். தப்பான விடையை அழித்துச் சரியானதை எழுதுகிற டீச்சர் புத்தி.

சினை பிடித்த பசுவும் சில சமயம் கத்தும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. சுவரில் ஒரு தேதிதான் இருந்தது, நான் அதை நம்பினேன்.

கிளம்புகிற அன்று காலை தண்ணீர் காட்டப் போனபோது செவலையின் வாலடியில் கை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் குழி விழுந்து, தொட்டால் மெத்தென்று அமுங்கியது. மடியும் இறுகியிருந்தது. கை சொன்னது ஒன்று, சுவர் சொன்னது வேறு. மூன்றாவது ஈற்று, கொஞ்சம் முன்னாலேயே தளரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாசலில் மாப்பிள்ளை காரை எடுத்துவிட்டார். எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். காலையும் மாலையும் சோளத்தட்டுப் போட்டுத் தண்ணீர் வைக்க அவரிடம் சொல்லியிருந்தேன். நல்ல மனுஷர், ஆனால் நாய்க்குப் பயந்து பயந்தே காலம் தள்ளியவர். மாட்டுக்கும் இரண்டடி தள்ளித்தான் நிற்பார்.

பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கலாம். அது என் கொழுந்தனார் வீடு. அவர் மனைவி என்னைவிட ஏழு வயது சின்னவள். எங்கள் ஊரில் எந்த வீட்டு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை சின்னது, பொறுமை அதிகம். ஆனால் எனக்கும் அவளுக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சு இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மழைக்காலத்தில் ஒரு நாள் பால் சொசைட்டியில் பால்மானி வைத்துப் பார்த்தபோது என் பாலுக்கு டிகிரி குறைந்தது. பச்சைப்புல் மேய்ந்தால் அப்படித்தான் இருக்கும், அது சொசைட்டிக்காரருக்கும் தெரியும். பின்னால் வரிசையில் நின்ற அவள், "அக்கா ஊட்டு மாடு கெணத்துத் தண்ணியக் கொஞ்சம் அதிகமாக் குடிக்குதாட்ட இருக்குது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பாலில் தண்ணீர் என்ற பேச்சை, அதுவும் ஊரில் பாதிப் பேருக்கு டீச்சராக இருந்த என்னைப் பார்த்து, நாலு பேர் நடுவே சொன்னது எனக்கு ஆறவே இல்லை. நான் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு.

மூன்று மாதம் கழித்துச் செவலை கன்று போட்டது. எங்கள் பக்கம் மாடு ஈன்றால் அன்றைக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் சீம்பால் போக வேண்டும். வீட்டுக்காரி தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்று குரல் கொடுப்பாள். அவர்கள் கழுவிய பாத்திரத்தை நீட்டுவார்கள். ஊற்றிவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். சீம்பால் போகாத வீடு என்றால் உறவு அறுந்த வீடு என்று பொருள். அந்தத் தடவை நான் தெரு முழுக்க ஊற்றினேன். அவள் வீட்டுக்கு ஊற்றவில்லை.

பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று கார் ஏறிக்கொண்டே போனது. முன்சீட்டில் மாப்பிள்ளையோடு என் வீட்டுக்காரர் யானை வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு மறையூர் தாண்டி ஒரு வளைவில் மாடுதான் வந்தது. எஸ்டேட் மாடு, ரோட்டோரம் மெதுவாக நடந்து போனது. நிறை சினை. வாலடியில் குழி விழுந்து இடுப்பெலும்பு எடுப்பாகத் தெரிந்தது. "இது இன்னிக்கோ நாளைக்கோ போட்டுரும்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அந்த மாட்டிடம் நான் பார்த்தது அத்தனையும் காலையில் என் கையில் தட்டுப்பட்டது.

அதற்குப் பிறகு எனக்கு மலையும் தெரியவில்லை, மேகமும் தெரியவில்லை. விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன். சிவராத்திரியிலிருந்து எண்ணினால் நேற்றோ முந்தாநாளோ நாள் முடிந்துவிட்டது. விஷுவிலிருந்து எண்ணினால் பொங்கல். ஏழெட்டுத் தடவை எண்ணினேன். ஒரு தடவைகூட விடை மாறவில்லை.

கூடாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், மகள் அவ்வளவு ஆசையாகப் பிடித்த இடம். மரப்பலகை மேடை மேல் வெள்ளைக் கூடாரம். உள்ளே கம்பளம், இரட்டைக் கட்டில், ஹீட்டர், ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அந்தக் குளியல் தொட்டி. முன்பக்கத் துணியைச் சுருட்டிவிட்டால் தேயிலைச் சரிவும், எதிர் மலையில் மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் பெரிய குழாய்களும் தெரிந்தன. என் வீட்டுக்காரர் வந்த கால் மணி நேரத்தில் தொட்டிக்குள் இறங்கிவிட்டார். கழுத்து வரை வெந்நீரில் கிடந்துகொண்டு, "புள்ளே, நீயும் ஒருக்கா எறங்கிப் பாரு" என்றார். நான் கட்டிலுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

"ஏனுங்க, மொத ஊசி போட்டது எப்பன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"சிவராத்திரிக்குக் கண்ணு முழிச்சு நான் தலைவலியோட கெடந்தனே, அந்த வாரம்."

"அப்பப் புடிச்சிருந்தா?"

"அப்பப் புடிச்சிருந்தா இந்நேரம் போட்டிருக்கோணும்" என்று சொல்லிவிட்டு அவர் தண்ணீருக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

வழியில் டவர் கிடைக்கவில்லை. இங்கே வந்து பேசலாம் என்றால் போன் என்னிடம் இல்லை. வந்ததுமே மகள் ஒரு பிரம்புக்கூடையை நீட்டி நால்வர் போனையும் வாங்கி வைத்துவிட்டாள். இரண்டு நாள் யாரும் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். நான் போய்க் கேட்டேன். "டவரே இல்லைம்மா இங்க. வாங்கி என்ன பண்ணப் போற?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "பொங்கலுக்குன்னு நீதானம்மா சொன்ன?" என்றாள். நான்தான் சொன்னேன். சாயந்திரம் நெருப்பு மூட்டிச் சுற்றி நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளை சோளம் சுட்டு முதல் கதிரை எனக்குத்தான் கொடுத்தார். "சாப்பிடுங்க அத்தை" என்று அவர் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் அது என் கையில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. மகள் என்னைப் பார்த்தாள். மாடு இல்லாத அம்மா அவளுக்குக் கிடைக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவள் மேலும் கோபம், என் மேலும் கோபம், ஒன்றும் நடக்காதது போல் சோளம் தின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர் மேல் அதைவிடக் கோபம்.

தூங்கினேன் என்று சொல்ல முடியாது. விடிந்ததும் விடியாததுமாகக் கூடையிலிருந்து என் போனை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பனி மூடியிருந்தது. கூடாரங்களைப் பெருக்கி டீ கொண்டுவருகிற பெண் பிளாஸ்க்கோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் சின்னச் சிலுவை தொங்கியது. பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருப்பவள்.

"என்னக்கா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. குளிரு ஒத்துக்கலியா?"

"ஊட்ல மாடு நெற சினையா நிக்குதும்மா. போன் பேசோணும். டவர் இல்லை."

"இங்கன கெடைக்காதுக்கா. மேல பேரு பதியுத மஸ்டர் ஆபீஸ் தாண்டி ஒரு பாறை இருக்கு. அங்கன ரெண்டு கோடு வரும். வாங்க, காட்டுதேன். எங்க வீட்லயும் ஒரு பசு நிக்கி."

பிளாஸ்க்கை வைக்காமல் அப்படியே முன்னால் நடந்தாள். லயத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன. எனக்கு மூச்சு வாங்கியது. பாறை மேல் ஏறி நின்றதும் போன் நடுங்கியது, ஒன்பது அழைப்பு வந்து தவறியிருந்தது. ஒன்பதும் தபால்காரர். உடனே அவரைக் கூப்பிட்டேன்.

"டீச்சர், நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓஞ்சு போயிட்டனுங்க" என்றார். "இருட்டுல இருந்து படுக்குது, எந்திரிக்குது. பனிக்குடம் ஒடஞ்சு வெகு நேரமாச்சுங்க. ஒத்தைக் கால்தான் வெளிய தெரியுது."

கன்று வரும்போது முன்னங்கால் இரண்டும், அதன் மேல் மூக்கும் தெரிய வேண்டும். ஒற்றைக் கால் தெரிந்தால் மற்றது உள்ளே மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். போன ஈற்றிலும் இப்படித்தான். ஊசிக்காரரும் நானும் சேர்ந்து எடுத்தோம். இப்போது ஞாயிற்றுக்கிழமை, மிருகாசுபத்திரி பூட்டியிருக்கும். ஊசிக்காரர் பொள்ளாச்சியில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறாராம். கிளம்பிவிட்டாராம், வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் தாங்காதுங்க டீச்சர். மாடு சோர்ந்து போச்சுங்க. நான் போயிப் பக்கத்து ஊட்டம்மாவக் கூப்பிடட்டுங்களா?"

"வேண்டாங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். மாடு சாகக் கிடக்கிறது. கன்று உள்ளே மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. கூப்பிடு தூரத்தில் கைராசிக்காரி ஒருத்தி இருக்கிறாள். அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தை அதுதான். சீம்பால் ஊற்றாத வாசலில் போய் மாட்டுக்கு வா என்று எந்த முகத்தோடு கேட்பது? வெட்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். வெறும் வீம்பு என்பதுதான் சரி.

போனை வைத்தேன். அந்த எஸ்டேட் பெண் பிளாஸ்க் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தாள். "யாருக்கா அது பக்கத்து வீடு?" என்று கேட்டாள். சொன்னேன். பேச்சு வார்த்தை இல்லை என்பதையும் சொன்னேன்.

"உங்களுக்கும் அவுகளுக்கும் இல்லேன்னா போகட்டும்க்கா. அந்தப் பசுவுக்கும் அவுகளுக்கும் சண்டை இல்லைல்லா?"

"உனக்கு அது தெரியாதும்மா" என்று எரிந்து விழுந்தேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மூடியில் மிச்சம் இருந்த டீயைப் பார்த்து, "ஆறிப் போகும், குடிங்க" என்றாள்.

கொழுந்தனார் மனைவியின் நம்பரை, சொசைட்டியில் அது நடந்த அன்றைக்கே போனிலிருந்து அழித்திருந்தேன். ஆனால் எண்கள் என் விரலில் இருந்தன. அழுத்தினேன். முதல் மணி அடித்து முடிவதற்குள் எடுத்தாள்.

"சொல்லுங்க்கா" என்றாள். மூச்சு இரைத்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அக்கா என்று காதில் விழுந்தது. "கண்ணு, செவலைக்கு…" என்று இழுத்தேன்.

"நான் உங்க கட்டுத்தரைலதானுங்க்கா இருக்கறன். கையக் கழுவி எண்ணெய் போட்டுட்டு நிக்கறன்."

"ஆரு கூப்புட்டாங்க?"

"ஆரு கூப்புடோணும்? மாடு கத்துச்சு. உங்களுக்கு மூணாத்துல கேக்காது, எனக்குக் கேக்குமல்லங்க. தபால்காரரு டீச்சர் வேண்டாம்னுட்டாங்கன்னாரு. நான் காதுல போட்டுக்கல." உடனே கேட்டாள்: "போன தடவ எந்தக் காலுங்க்கா மடங்கியிருந்துச்சு?"

"எடது கால். மொளங்கால்ல மடங்கியிருந்துச்சு. இழுத்தராத கண்ணு. வலி நிக்கறப்ப மூஞ்சிய உள்ள தள்ளீட்டுக் கால எடு. கொளம்பக் கைக்குள்ள பொத்திக்க, இல்லீன்னா கிழிச்சிரும்."

"செரிங்க்கா. போனைத் தீவனத் தொட்டி மேல வெக்கறன், வெச்சராதீங்க."

பிறகு சத்தம் மட்டும்தான். செவலை முனகுகிற சத்தம், வைக்கோல் நெரிபடும் சத்தம், "சித்த இரு தாயி, சித்த இரு" என்று அவள் சொல்லுகிற சத்தம். "கால் கைக்கு ஆம்பட்டுதுங்க்கா" என்றாள். "மூஞ்சியும் நேரா இருக்குது. தபால்காரரே, வாங்க, புடிங்க" என்றாள். பனி ஒரு திரள் பாறை மேல் ஏறி வந்தது. போன் அப்படியே அறுந்து போனது.

திரும்பத் திரும்ப அழுத்தினேன். கோடு வரவே இல்லை. பாறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தேன். கையைத் தூக்கிப் பிடித்தேன். கீழே இறங்கிப் பார்த்தேன், மறுபடி ஏறினேன். அந்தப் பெண் வேலைக்கு நேரமாகியும் போகாமல் ஒரு ஓரமாக நின்று கண்ணை மூடிக்கொண்டு மாதாவை வேண்டினாள். நான் யாரையும் வேண்டவில்லை. வேண்டாங்க என்று சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி அதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இப்போது கட்டுத்தரையில் யாரும் இல்லை.

என்னைக் காணாமல் மகள் தேடிக்கொண்டு மேலே வந்தாள். திட்டத்தான் வந்தாள் என்று நடையிலேயே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தன் சால்வையைக் கழற்றி என் மேல் போட்டாள். "சித்தி இருக்கறாங்களா அங்க?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். "அப்பறம் என்னம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முக்கால் மணி நேரம் ஆனது. பனி விலகி எதிர்மலைக் குழாய்கள் தெரிந்தபோது போன் அடித்தது.

"கெடாரிங்க்கா, பொட்டக் கன்னு" என்றாள். "மொதல்ல மூச்சே விடல. வைக்கல விட்டு மூக்க நோண்டி, பின்னங்காலப் புடிச்சுத் தலகீழாத் தூக்கி ஆட்டுனம். தபால்காரரு ஒரு கால், நான் ஒரு கால். இப்பத் தும்முது. செவலை நக்கிக் குடுத்துட்டு நிக்குது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாறை மேல் உட்கார்ந்து நன்றாகவே அழுதேன். "நான் இப்பவே கெளம்பி வாரன்" என்றேன்.

"எதுக்குங்க்கா? புள்ள ஆசையாக் கூட்டிட்டுப் போயிருக்குது. நாளைக்கே வாங்க. பாலக் கறந்து நான் பாத்துக்கறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க மகள் சொன்ன இடத்துக்கெல்லாம் போனேன். அருவி பார்த்தேன், படம் எடுத்துக்கொண்டேன், குளியல் தொட்டியிலும் இறங்கினேன். மாட்டுக் கவலை போய்விட்டது, ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. தொட்டிக்குள் கிடந்து நினைத்தது சீம்பாலைத்தான். இந்நேரம் கறந்திருப்பாள். என் தூக்குப்போசி எங்கே தொங்கும் என்று அவளுக்குத் தெரியும். தெருவுக்கு ஊற்றுவாளா? ஊற்றினால் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வாளா? எடுத்துக்கொண்டால் என்ன, முதல் சொம்பே அவளுக்குத்தானே சேரும்? எடுத்திருக்க வேண்டும், எடுத்திருப்பாள், என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் எடுத்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம் என்பது எனக்கே தெரிந்துதான் இருந்தது. தண்ணீர் ஆறிக் குளிர்ந்த பிறகுதான் எழுந்தேன்.

மறுநாள் கிளம்பும்போது அந்த எஸ்டேட் பெண் கேட் வரை வந்தாள். "பசுவைக் கேட்டதாச் சொல்லுங்கக்கா" என்றாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு வடகரப்பதி வந்து சேர்ந்தோம். கார் நின்றதும் நான் கட்டுத்தரைக்கு ஓடினேன். கன்று நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு சாக்கு மேல் படுத்திருந்தது. செவலை என்னைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு மறுபடி கன்றை நக்கப் போய்விட்டது. தபால்காரர் இப்போது மாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றார். நஞ்சுக்கொடியை ஆலமரத்தில் தானே கொண்டுபோய்க் கட்டியதாகச் சொன்னார். தெருவில் எல்லா வீட்டுக்கும் நேற்றே சீம்பால் போய்விட்டதாகவும் சொன்னார். "உங்க ஊட்டுச் சீம்பால்னு சொல்லித்தான் ஊத்துனாங்க டீச்சர்" என்றார்.

சமையலறையில் என் தூக்குப்போசி மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. திறந்து பார்த்தேன். மஞ்சளாக, கெட்டியாக, வாய்வரை சீம்பால்.

வேலியோரம் போய் அவளைக் கூப்பிட்டேன். அவள் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க ஊட்டுக்கு எடுத்துக்கலியா கண்ணு?"

"ஊட்டுக்காரங்க குடுக்காம நானா எப்படிங்க்கா எடுத்துக்கறது?" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கன்றை இழுத்துப் போட்டவள் அவள். ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளாமல் தெருவுக்கெல்லாம் என் பெயர் சொல்லி ஊற்றியவள். நான் உள்ளே வந்து தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, வேலி வழியாகப் போகாமல், தெரு சுற்றி அவள் வாசலுக்குப் போனேன். எல்லார் வீட்டுக்கும் போவது போலத்தான் போக வேண்டும் என்று தோன்றியது. வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

அவள் வெளியே வந்து என் கையைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் போசியை எடுத்து வந்தாள். கழுவித் துடைத்து வைத்த போசி.

"போன தடவையும் இதையத்தானுங்க்கா கழுவி வெச்சிருந்தன்" என்றாள். "நீங்க ஒவ்வொரு ஊடா ஊத்தீட்டு வந்தீங்க. எங்க வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டுது. போசிய எடுத்துட்டு எந்திரிச்சு வந்தன். நீங்க தாண்டிப் போயிட்டீங்க."

"வேணும்னுதான் கண்ணு தாண்டிப் போனேன்."

"தெரியுமுங்க்கா" என்று போசியை நீட்டினாள்.

ஊற்றினேன். போசி நிறைந்து, விளிம்பு தாண்டி, சீம்பால் அவள் விரல் மேல் வழிந்தது. அவள் கையை எடுக்கவில்லை, நானும் நிறுத்தவில்லை.